நரை, திரை, மூப்பு, ஒரு துண்டுத்தாள்



வடசென்னைப் பங்கு ஒன்றின் இளைஞர் குழுவினர் நமக்கு ஒரு மடல் விடுத்துள்ளனர். அக்டோபர் முதல் நாள் உலக முதியோர் நாளாகக் கொண்டாடப்படுவதையொட்டி, மூப்பைத் தள்ளிப்போடும் ஆராய்ச்சிகளில் பொதுமக்களுக்கு ஆர்வம் பிறக்கும் வண்ணம் 5,000 துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு, இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை வழங்க எண்ணியுள்ளனராம். தாங்கள் எழுதிய வரைவையும் உடன் அனுப்பி, அதனைத் திருத்தித் தருமாறு கேட்டுள்ளனர். வரைவின் தலைப்பு இது: ‘முதுமை எதிர்ப்பு ஆராய்ச்சிக்கு ஆதரவு தாரீர்!’

முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் தலைப்பைக் கண்டதும் நமக்குச் சிரிப்பும் கவலையும் ஒருங்கே எழுந்தன. எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் கையில் இத்தாளைக் கொடுத்தால் அவர் கண் எந்தச் சொல்லில் நிற்கும்? ‘எதிர்ப்பு’ என்னும் சொல்லில் அன்றோ? நம் தெருக்களில் எதிர்ப்பு என்றால் ஊர்வலம், கண்டனக் கூட்டம், கொடும்பாவி. ‘நம்மை எதிர்த்தா இந்தப் பிள்ளைகள் கிளம்பியிருக்கிறார்கள்?’ என்று அவர் எண்ணினால் குற்றம் அவருடையதன்று. ஆங்கிலத்தில் வழங்கும் தொடரொன்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை இது.

நம் முன்னோரிடம் இதற்கு நல்ல சொற்கள் உள்ளன. ‘நரை, திரை, மூப்பு’ என மூன்றையும் அடுக்கிச் சொன்னார்கள். நரை மயிரில் தெரிவது. திரை தோலில் தெரிவது. இவ்விரண்டும் சாயக் கடைக்காரருக்கும் முகப்பூச்சு விற்பவருக்கும் உரியவை. மூன்றாவதாகிய மூப்பே விஞ்ஞானிகள் ஆராயும் பொருள். கண்ணாடியில் காண முடியாதவாறு தசையும் எலும்பும் இரத்தக் குழாயும் மூளையும் உள்ளுக்குள் தேய்ந்து வருவதையே அச்சொல் குறிக்கிறது. ஆகவே ‘மூப்பு ஆராய்ச்சி’ என்றே எழுதுக. படிப்பறிவு குறைந்தோர்க்கும் அச்சொல் புரியும்.

இந்த ஆராய்ச்சி எதனை நாடுகிறது? சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, கண்புரை, மூட்டுத் தேய்வு, மறதி நோய், புற்றுநோயில் பல வகை ஆகிய அனைத்தும் வயது ஏற ஏறப் பெருகுவன. மருத்துவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே துரத்துகின்றனர். இவை யாவும் முளைக்கும் நிலத்தையே ஆராய்ந்தால் என்ன என்பது இத்துறையினரின் கேள்வி. 1935-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்பவர், சத்துக் குறையாமல் அளவு மட்டும் குறைத்து உணவளித்த எலிகள் நெடுநாள் வாழ்ந்ததைக் காட்டினார். 2009-இல் ராபமைசின் என்னும் மருந்தை, 600 நாள் வயதான சுண்டெலிகளுக்கு, அதாவது எலிக் கணக்கில் முதுமையை எட்டியவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 100-க்கு 90 எலிகள் இறந்து முடியும் வயதை அளவாகக் கொண்டால், பெண் எலிகளுக்கு 14 விழுக்காடும் ஆண் எலிகளுக்கு 9 விழுக்காடும் ஆயுள் நீண்டிருந்தது. நம் நாட்டிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2024-இல் நீண்ட ஆயுள் பற்றிய ஆராய்ச்சித் திட்டமொன்றைத் தொடங்கியுள்ளது. மேனாட்டார் உடலில் கண்ட அளவுகளையே நம்மவர்க்கும் இயல்பெனக் கொள்வது பொருந்துமா என்பது அவர்கள் எழுப்பும் வினாக்களில் ஒன்று. நியாயமான வினாவே.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. நாட்டிலேயே முதன்முதலாக முதியோருக்கென மருத்துவத் துறை அமைந்தது இங்குள்ள அரசுப் பொது மருத்துவமனையில்தான், ஆண்டு 1978. அதனை நிறுவி வளர்த்தவர் டாக்டர் வி. எஸ். நடராசன். முதியோர் மருத்துவத்தில் மேற்பட்டப் படிப்பு 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கிற்று. கிண்டியில் கிங் நிறுவன வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024-இல் திறக்கப்பட்டது. இவை யாவும் நல்ல செய்திகளே. ஆயினும் ஒரு துண்டுத்தாளில் இவ்வளவையும் திணித்தால் எவரும் படியார். இளைஞர்களின் வரைவில் குரோமோசோம் நுனி, உயிரணு, மரபணு, நோபல் பரிசு என அனைத்தும் ஏறி, கடைசி நிமிடத்து எண்ணூர் பேருந்து போல் பிதுங்கி நின்றன. ஒரு தாளுக்கு ஒரு செய்தி. ஒரு செய்திக்கு ஒரு வேண்டுகோள். அதற்கு மேல் சுமத்தலாகாது.

அந்த ஒரு செய்தி எதுவாக இருத்தல் வேண்டும்? இங்கே வடசென்னையின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், கட்டுமரத்திலும் விசைப்படகிலும் உப்புக் காற்றில் உழைத்தவர், கொதிகலன் அருகே முப்பது ஆண்டு நின்றவர், மீன் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாய் நடந்த தாய்மார் ஆகியோரே நம் முதியோர். நிலக்கரிச் சாம்பலும் ஆலைப் புகையும் அவர்கள் நுரையீரலில் பாதி உரிமை பெற்றுவிட்டன. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அம்மாத இறுதியில் ஒரு நள்ளிரவில் அம்மோனியா கசிந்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் அவர்கள் மறக்கவில்லை. நாற்பத்தைந்து வயதிலேயே முதுகு வளையும் ஊரில், ‘நூறாண்டு இளமை’ என அச்சிட்ட தாளை நீட்டினால் அதைப் பரிகாசம் என்றே கொள்வர். ‘எழுபதிலும் உன் காலால் நீ நடக்கலாம்’ என்றால் நின்று கேட்பர். இப்பகுதியில் முதுமை பற்றிய அச்சம் சாவைப் பற்றியதன்று. படுக்கையில் விழுந்து பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்பதே அது. துண்டுத்தாள் அந்த அச்சத்தோடு பேச வேண்டும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இத்துறையில் நமக்கு முன்பே துண்டுத்தாள் அடித்தவர்கள் உண்டு. மின்சார ரயில் பெட்டியின் சுவரிலும், மேம்பாலத் தூண்களிலும், பொதுக் கழிப்பிடக் கதவுகளிலும் அவர்களுடைய தாள்களைக் காணலாம். காயகல்பம், வாலிப லேகியம், ஒரு மண்டலத்தில் முதுமை ஒழிப்பு, பலன் இல்லையேல் பணம் வாபஸ்! அகால மூப்பையும் இளநரையையும் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை தெளிவாகத் தடுத்திருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. தாள் தூணில் இருக்கிறது.

திருவொற்றியூரில் மீன் விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய மூதாட்டி ஒருவரை நாம் அறிவோம். பேருந்து நிறுத்தத்தில் எவரோ கொடுத்த தாளை நம்பி, 4,000 ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கினார். அதை உண்ணும்போது வேறு மருந்து கூடாது எனத் தாளில் இருந்ததால், அரசு மருத்துவமனையில் தந்த சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தினார். நான்கு மாதங்களில் காலில் ஒரு புண்; பின்னர் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. அவர் கையெழுத்தே போடத் தெரியாதவர். தாளைப் படித்துக் காட்டியவன் அவருடைய பேரன். ஒன்பதாம் வகுப்பு மாணவன். அச்சில் வந்தது பொய்யாயிராது என்று அவ்விருவரும் நம்பினர். நம் இளைஞர்கள் நீட்டப் போகும் தாளும் அதே அளவில், அதே மஞ்சள் வண்ணத்தில், அதே பேருந்து நிறுத்தத்தில் வழங்கப்படும். அப்பாட்டி எதைக் கொண்டு வேறுபாடு அறிவார்?

இங்குதான் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்போர்க்கும் எச்சரிக்கை வேண்டும். 1908-இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாப், பல்கேரிய உழவர் நெடுநாள் வாழ்வது புளித்த பாலினால் இருக்கலாம் எனக் கூறினார். அறிஞரின் ‘இருக்கலாம்’ பத்திரிகைகளில் ‘இருக்கிறது’ ஆயிற்று. ஐரோப்பியக் கடைகளில் புளிப்புப் பால் மாத்திரைகள் பறந்தன. மோர் ஊற்றாத தமிழ்ப் பந்தி உண்டோ? மோரினால் மூப்பு அகலுமாயின் நாம் அனைவரும் மார்க்கண்டேயர்களாய் இருந்திருப்போம். மெச்னிகாப் தம் 71-ஆம் வயதில் காலமானார்.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் வற்புறுத்துவது இது: ‘எலிகளில்’ என்னும் சொல்லைத் தலைப்புக்கு நிகரான பெரிய எழுத்தில் அடியுங்கள். ‘ஆயுளை நீட்டும் அதிசய மருந்து’ என்பதைக் கொட்டை எழுத்திலும், எலிகளில் மட்டும் சோதிக்கப்பட்டது என்பதை அடியில் எறும்பெழுத்திலும் போடுவது லேகியக்காரர் முறை. ராபமைசின் உடலின் நோய் எதிர்ப்பாற்றலை அடக்குவது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டோர்க்கு அக்காரணம் பற்றியே தரப்படுவது. அதை மருந்துக் கடையில் எவரேனும் கேட்டு வாங்கும்படி நம் தாள் தூண்டிவிட்டால் அப்பழி நம்மைச் சேரும். மருந்தின் பெயரையே தாளில் போட வேண்டா என்பது நம் கருத்து.

‘அப்படியானால் நம்பிக்கை தரும் செய்தி எதுவும் மிஞ்சவில்லையே’ எனச் சிலர் சலித்துக்கொள்ளக்கூடும். மிஞ்சுகிறது. 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு, மருத்துவர் மேற்பார்வையில் 8 வாரம் கால்களால் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். முடித்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேல் உயர்ந்தது. இது எலியில் கண்டதன்று, மனிதரில் கண்டது. விலை கொடுத்து வாங்க வேண்டியதும் எதுவுமில்லை. இதனைக் கொண்டு நாம் எழுதித் தந்த வாசகம் வருமாறு:

‘எழுபதிலும் நம் காலால் நடப்போமா?

மூப்பை விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். சாவே வராமல் தடுக்க அல்ல. படுக்கையில் விழாமல் வாழ.

தொண்ணூறு வயதிலும் முறையான பயிற்சியால் கால் வலுப்பெறும் என்று மனிதரில் கண்டிருக்கிறார்கள்.

ஆயுளை நீட்டும் மாத்திரை இன்னும் இல்லை. எலிகளில் மட்டுமே கண்டிருக்கிறார்கள். விற்க வருபவரை நம்பாதீர்கள். டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி கேட்க வாருங்கள். டாக்டர் பதில் சொல்வார். கட்டணம் இல்லை. எதுவும் விற்கப்படாது.’

இதன் கீழே நாள், நேரம், இடம், தொடர்புக்கு ஒரு தொலைபேசி எண். இவ்வளவே. கைப்பேசியில் படமெடுத்துத் திறக்கும் கட்டக் குறியீட்டைப் போடுவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை; ஆனால் அது எண்ணுக்குப் பதிலாக ஆகாது. அச்சகத்தின் பெயரும், பொறுப்பேற்கும் குழுவின் பெயரும் முகவரியும் அடியில் கட்டாயம் இடம்பெற வேண்டும். அச்சகத்தின் பெயரைப் பொறிப்பது 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் பழக்கிய நல்ல வழக்கம்; மேலே சொன்ன லேகியத் தாள்களில் பெரும்பாலும் அதைக் காண முடியாது. பாட்டியின் பேரன் வேறுபாடு அறிவதற்கு அது ஓர் அடையாளம்.

இனி வடிவம் பற்றிச் சில சொற்கள். வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளிக்கிறது. நீலமும் ஊதாவும் மங்குகின்றன. ஒளி குறைந்த இடத்தில் எழுத்து கலங்குகிறது. எனவே வெள்ளையிலோ வெளிர் மஞ்சளிலோ கறுப்பு எழுத்தே வேண்டும். இளைஞர்கள் விரும்பிய நீல வானத்தின் மீது வெள்ளை எழுத்து அழகானதே. ஆனால் அதைப் படிக்க வேண்டியவர்க்குத்தான் அது தெரியாது. எழுத்தின் அளவு 14 புள்ளிக்குக் குறையலாகாது. தலைப்பு அதனினும் இரண்டரை மடங்கு. தமிழ் எழுத்துக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளி சிறிய அச்சில் மறைந்துவிடும். ‘ண’கரமும் ‘ன’கரமும் மை பரவினால் ஒன்றாகிவிடும். பளபளப்புத் தாள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். சாதாரணத் தாளே போதும், செலவும் குறையும். சொற்களைச் சந்தியால் ஒட்டி நீளமாக்காமல் பிரித்து எழுதுக. இலக்கணப் புலவர் முனிந்துகொள்ளட்டும், பாதகமில்லை.

படம் வைப்பதாயின், கடற்கரையில் கைகோத்துச் சிரிக்கும் அயல்நாட்டுத் தம்பதியர் வேண்டா. சுருங்கிய கையும் ஊன்றுகோலுமாய் இரக்கத்தைக் கெஞ்சும் படமும் வேண்டா. காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும் பெரியவர் ஒருவர் போதும். அவரிடம் இசைவு கேட்டே படம் எடுக்க வேண்டும்.

தாளின் பின்பக்கம் வெறுமையாய் இருந்தால், மறுநாள் அதில் வடை மடிக்கப்பட்டிருக்கும். ஆகவே அங்கே 12 மாதக் கட்டம் ஒன்றை இடுங்கள்: மாதந்தோறும் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை அளவு, எடை குறித்துக்கொள்ள. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் வந்தது முதல், கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அவற்றை வைக்கும் டப்பாவுக்குள் நம் தாளும் ஓராண்டு தங்கும். முதியோர் உதவிக்கான 14567 என்னும் எண்ணையும் அங்கே பொறிக்கலாம்.

யாருக்கு வழங்குவது? முதியோர்க்கு மட்டும் என்று இளைஞர்கள் எண்ணியுள்ளனர். நம் கருத்தில் நாற்பத்தைந்து வயதினரே முதல் வாசகர். அவர்தாம் தம் தாய்க்கு எந்த மருந்து என்று முடிவு செய்பவர். தம் மூப்பைப் பற்றிச் செயல்பட இன்னும் காலம் உள்ளவரும் அவரே. 2017-18-இல் நடந்த இந்தியாவின் நெடுங்கால முதுமை ஆய்வும் 45 வயதிலிருந்தே மக்களைச் சேர்த்துக்கொண்டது. 72,000-க்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர்.

ஆலை வாயிலில் ஷிப்ட் முடிந்து வெளியேறும் வேளையே தக்கது. உள்ளே ஓடுபவர் கையில் திணிப்பது வீண். மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தின்போது ஈரக் கையில் தாள் நிற்காது. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாட்களில், பிற்பகலில் வலை சீரமைக்கும் இடத்துக்குச் சென்றால் படித்துக் காட்டவும் நேரம் கிடைக்கும். ஆகவே அக்டோபரோடு பணியை முடித்துவிடாமல் ஆயிரம் தாள்களை அக்காலத்துக்கென ஒதுக்குவது நன்று. ஸ்டான்லி மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் முன்அனுமதி பெற்று வழங்கலாம். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் வழித்தோன்றலாய் எழுந்து, ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என இன்றும் பெரியவர்கள் வாயில் வழங்கும் இடம் அது. அங்கே மக்கள் நெடுநேரம் காத்திருக்கிறார்கள். தெலுங்கு பேசும் குடும்பங்கள் மிகுந்த தெருக்களுக்குத் தெலுங்கில் சில நூறு அடிப்பது நலம்.

‘மூப்பைத் தடுக்க முயல்வது இறைவனின் நியதியில் குறுக்கிடுவதாகாதா?’ என்று தாள் பெறுவோரில் ஒருவரேனும் கேட்பார். கேட்பவர் மூக்கில் கண்ணாடி இருக்கும். கண்புரை அறுவையைப் பாவமென எவரும் சொல்வதில்லை. சாவாமையை வாக்களிப்பவரோடு நமக்கு வழக்குண்டு. கிழவரை நடக்க வைப்பவரோடு இல்லை. இதற்கு மேல் இளைஞர்கள் தெருவில் நின்று வாதிட வேண்டா.

மெய்யான கேள்வி வேறொன்று: ‘ஆராய்ச்சி நடந்தால் எங்களைப் போன்ற ஏழைகளுக்கு என்ன பயன்?’ இதற்கு விடை நம் நகரிலேயே உள்ளது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளரை நல்ல காற்றும் உணவும் உள்ள மருத்துவ விடுதியில் பல மாதம் வைத்தாலன்றிக் குணமாகாது என உலகம் நம்பிய காலம் அது. சென்னையின் நெருக்கமான குடிசைகளில், குறைந்த உணவோடு, வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் விடுதியில் இருந்தோரைப் போலவே தேறினர் என்பதை அவ்வாய்வு 1959-இல் உலகுக்குக் காட்டிற்று. வீட்டாருக்குத் தொற்று கூடவும் இல்லை. பல நாடுகளின் காசநோய்ச் சிகிச்சை முறையே அதனால் மாறியது. அதைச் செய்து காட்டியவர்கள் அறிஞர்கள் மட்டும் அல்லர். வீட்டுக் கதவைத் திறந்து, மாத்திரையை எண்ணிப் பார்க்கச் சம்மதித்த ஏழைக் குடும்பங்களும்தாம்.

அதனால் எவர் வந்து கையொப்பம் கேட்டாலும் இட்டுவிட வேண்டும் என்பதில்லை. நெறிமுறைப்படி நடக்கும் ஆய்வில் சேருவதும் சேராதிருப்பதும், சேர்ந்த பின் விலகுவதும் மக்களின் உரிமை. விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. புதிய மருந்தைச் சோதிப்பதாயின், அது இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். கூட்டத்துக்கு வரும் மருத்துவர் இதைத் தெளிவாகச் சொல்லட்டும். தாளில் இடம் இருந்தால் ஒரே வரி சேர்க்கலாம்: ‘உங்களிடம் பணம் கேட்பது ஆராய்ச்சி அல்ல.’

அச்சுக்குக் கொடுக்குமுன், எழுபது வயதுக்கு மேற்பட்ட மூவரிடம் படியைக் கொடுத்து, மாலை வெளிச்சத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் மீனவராகவும், ஒருவர் ஆலையில் ஓய்வு பெற்றவராகவும், ஒருவர் பெண்ணாகவும் இருக்கட்டும். அவர்கள் தடுமாறும் சொல்லை மாற்றுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். படித்து முடித்ததும், ‘இதில் என்ன விற்கிறார்கள்?’ என்று கேளுங்கள். மூவரில் ஒருவர் ‘ஏதோ மருந்து’ என்றாலும் தாளைத் திரும்ப எழுத வேண்டும். பின்னர் இராயபுரத்துக்குரிய தாள்களின் ஒரு மூலையைக் கத்தரித்தும், திருவொற்றியூருக்குரியவற்றில் துளையிட்டும், எண்ணூருக்குரியவற்றை அப்படியே விட்டும் பிரித்து வைத்து, கூட்டத்துக்கு வருவோர் தாளைக் கையோடு கொண்டுவருமாறு கேட்டால், எந்த இடத்தில் கொடுத்தது பயன் தந்தது என்பது வாயிலிலேயே தெரிந்துவிடும்.